நாயின் உடற்கூறு, படமெடுப்பு, அறுவை சிகிச்சை: வேப்பேரி முதல் செம்பரம்பாக்கம் வரை

நாயின் உடற்கூறியல், படமெடுப்பு, அறுவை சிகிச்சை ஆகியவை கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மூன்று தனித் துறைகள். மேசையில் படுத்திருக்கும் நாயைப் பொறுத்தவரை மூன்றும் ஒரே வேலையின் மூன்று கட்டங்கள்தான். உறுப்பு இயல்பாக எங்கே, எந்த அளவில் இருக்கும் என்று தெரிந்தால்தான் எக்ஸ்-ரே படத்தில் உள்ள மாற்றம் கண்ணில் படும். அந்த மாற்றத்தைச் சரியாகப் படித்தால்தான் கத்தியை எங்கே வைப்பது, வைக்காமலே விடலாமா என்ற முடிவுக்கு வர முடியும். முதல் கட்டத்தில் நேரும் பிழை கடைசிக் கட்டம் வரை கூடவே வரும்.

இன்று உலகெங்கும் கையாளப்படும் அளவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய, அமெரிக்க வளர்ப்பு நாய்களிடம் எடுக்கப்பட்டவை. சென்னையின் மேற்குப் புறநகரில் மருத்துவரின் மேசைக்கு வரும் நாய்களோ நாட்டு நாய், சிப்பிப்பாறை, ராஜபாளையம், லாப்ரடார், பொமரேனியன், பக் என்று கலவையானவை. இந்த மூன்று துறைகளும் இதுவரை எதைக் கண்டறிந்துள்ளன, அந்த அறிவு இங்குள்ள நாய்களுக்கு எந்த அளவு பொருந்துகிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

இடமும் நிறுவனங்களும்

செம்பரம்பாக்கம் என்றதும் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிதான் நினைவுக்கு வரும். அதன் அருகிலேயே பூந்தமல்லி, நசரத்பேட்டை வழியாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை செல்கிறது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலைகளுக்குப் போகும் கனரக வண்டிகள் இரவு பகலாக ஓடும் சாலை அது. ஒருபுறம் ஏரிக்கரையும் வயலும், மறுபுறம் புதிய அடுக்குமாடிகளும் இறைச்சிக் கடைகளும் உள்ள இத்தகைய ஊரில் தெருநாயும் வீட்டு நாயும் ஒரே சாலையைக் கடக்கின்றன. சாலை விபத்து, உண்ணி வழி பரவும் ரத்த நோய், பால்வினைப் புற்றுக்கட்டி, தேவைப்படாத குட்டிகள் ஆகிய நான்கும் இத்தகைய புறநகர் நாய் மருத்துவத்தின் அன்றாடப் பிரச்சினைகள்.

இங்கிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், வேப்பேரியில், சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பட்ட அக்கல்லூரி 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பட்டப்படிப்பு வழங்கும் நிலைக்கு உயர்ந்தது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் தாய்க் கல்லூரியாயிற்று. இந்தியாவில் கால்நடை மருத்துவத்துக்கென்று தொடங்கப்பட்ட முதல் பல்கலைக்கழகம் அதுவே. உள்ளூர் மருத்துவர் கைவிட்ட நாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேப்பேரிக்கு ஓடுவது சென்னைவாசிகளுக்குப் பழகிப்போன ஒன்று.

சென்னையின் பங்களிப்பு கல்லூரியோடு முடிவதில்லை. 1910இல் டபிள்யூ. எஸ். பேட்டன் என்ற ஆய்வாளர், மெட்ராஸ் ஹன்ட் வேட்டைக் குழுவின் நாய்களின் ரத்தத்தில் ஒரு புதிய ஒட்டுண்ணியைக் கண்டு விவரித்தார். பின்னர் அதே ஒட்டுண்ணி நரியின் ரத்தத்திலும் தென்பட்டது. இன்று உலக நூல்களெல்லாம் பபேசியா கிப்சோனி என்று குறிப்பிடும் கிருமி அதுதான். 1924இல் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய இந்தியன் வெட்டரினரி ஜர்னல் இத்தகைய ஆய்வுகளுக்கு நாட்டளவில் மேடையாயிற்று. உண்ணி வழி பரவும் எர்லிக்கியா நோய் தென்னிந்திய நாய்களில் இருப்பதை 1944இல் அறிவித்த கட்டுரையும் அதில் வந்ததே.

உடற்கூறு: இயல்பு என்பது என்ன

இந்தியக் கால்நடைக் கல்லூரிகளில் உடற்கூறியல் மாட்டிலிருந்து தொடங்குகிறது. உழவுக்கும் பாலுக்கும் மாடே முதன்மையாக இருந்த நாட்டில் அது இயல்பு. மாட்டை முழுமையாகப் படித்தபின் குதிரை, நாய், பன்றி, கோழி ஆகியவை மாட்டிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன என்று ஒப்பிட்டுக் கற்பிக்கப்படுகிறது. நாய்க்கென்று தனியாக எழுந்த பெருநூல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மால்கம் மில்லர் தொடங்கி, அவர் இறந்தபின் 1964இல் வெளியான நாய் உடற்கூறு நூல். விலங்கு உறுப்புகளின் பெயர்களை உலகளவில் ஒழுங்குபடுத்திய பட்டியல் 1968இல் வந்தது.

அந்நூல்களின்படி நாயின் முதுகெலும்பில் கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்பில் 7, திரிகத்தில் 3 எலும்புகள் உள்ளன. வால் எலும்புகளின் எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறும். விலா எலும்புகள் 13 இணைகள். நிலைப்பற்கள் 42, பால்பற்கள் 28. இந்த எண்கள் எல்லா இனங்களுக்கும் பொது. நாயின் மருத்துவத்தைத் தீர்மானிப்பவை எண்ணிக்கையைக் காட்டிலும் அமைப்பில் உள்ள தனித்தன்மைகளே. சிலவற்றைப் பார்க்கலாம்.

நாயின் காறை எலும்பு பெயரளவுக்கு எஞ்சியிருக்கும் சிறு துணுக்கு. முன்கால் உடலோடு எலும்பு மூட்டால் இணையவில்லை, தசைகளாலேயே தாங்கப்படுகிறது. நிற்கும் நாயின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்கால்களே சுமக்கின்றன. பின்கால் ஒன்றை இழந்த நாய் விரைவில் ஓடப் பழகுவதும், முன்கால் இழந்த நாய் சற்றுச் சிரமப்படுவதும் இதனால்தான்.

மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள். அவற்றின் நுனிகள் கண்ணுக்குக் கீழே இருக்கின்றன. கண்ணின் கீழ் வீங்கி, உடைந்து சீழ் வடியும் நாய்க்குக் கண் நோயென்று சொட்டு மருந்து விட்டுக் காலம் கழிப்பது உண்டு. உண்மையில் வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கும். படத்தில் அது தெரியும். பல்லை மூன்றாக அறுத்து ஒவ்வொரு வேரையும் தனித்தனியே எடுத்தால் ஆறிவிடும்.

காதுக் குழாய் முதலில் கீழ்நோக்கி இறங்கிப் பிறகு உள்நோக்கித் திரும்புகிறது. மடிந்த காதுள்ள இனங்களில் ஈரமும் அழுக்கும் அந்தத் திருப்பத்தில் தங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் நீடித்த காதுச் சீழில் குழாயே தடித்து அடைபடும்போது, நடுக்காது அறை வரை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, குழாய் முழுவதையும் அகற்ற வேண்டியிருக்கும்.

முதுகெலும்பில் உள்ள தனித்தன்மை இன்னும் நுட்பமானது. மார்புப் பகுதியில் இடது, வலது விலா எலும்புத் தலைகளை இணைக்கும் ஒரு தசைநார் வட்டுகளின் மேலாகக் குறுக்கே செல்கிறது. அது தாங்கிக்கொள்வதால் அந்தப் பகுதியில் வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவது அரிது. அந்தத் தசைநார் முடிந்தபின், கடைசி மார்பெலும்புகளும் முதல் இடுப்பெலும்புகளும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலான வட்டு நோய்கள் வருகின்றன. ஸ்வீடனின் ஹான்சன் 1950களின் தொடக்கத்தில் இந்த வட்டுச் சிதைவை இரண்டு வகையாகப் பிரித்தார். டாக்ஸ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் இனங்களில் இளவயதிலேயே வட்டு சுண்ணாம்பாகி வெடிப்பது முதல் வகை. முதிய நாய்களில் மெல்லப் பிதுங்குவது இரண்டாம் வகை. இனத்தையும் வயதையும் வைத்தே வகையை ஓரளவு ஊகிக்கலாம். எந்த இடம் என்பதை உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. தேவை.

உடலைக் கற்கும் முறையும் மாறிவருகிறது. ஃபார்மலினில் பதப்படுத்திய உடலோடு, நெகிழிப் பொருளை ஊட்டி உலர்நிலையில் பாதுகாக்கும் முறையும் வந்துவிட்டது. 1970களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் குந்தர் ஃபான் ஹேகன்ஸ் உருவாக்கியது அது. இயற்கையாக இறந்து, உரிமையாளர் மனமுவந்து தரும் உடல்களே கற்றலுக்குப் போதும் என்ற நிலையை எட்டுவது அறிவியலுக்கும் கருணைக்கும் ஒருசேர நன்மை.

படமெடுப்பு: நிழலைப் படிக்கும் கலை

ரான்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ்-ரே கதிரைக் கண்டறிந்த அடுத்த ஆண்டே அது விலங்குகளுக்கும் பயன்பட்டது. நூற்றுமுப்பது ஆண்டுகள் ஆகியும் நாய் மருத்துவத்தின் முதல் கருவி அதுவே. விலை குறைவு, சில நிமிட வேலை, பெரும்பாலும் முழு மயக்கமும் தேவையில்லை. படத்தின் தரம் எந்திரத்தைக் காட்டிலும் நாயைக் கிடத்தும் முறையைப் பொறுத்தது. பக்கவாட்டில் ஒன்று, மல்லாக்கவோ குப்புறவோ வைத்து ஒன்று என்று செங்கோணத்தில் இரண்டு படங்களாவது வேண்டும். ஒரே படத்தை நம்பினால் ஒன்றன்மேல் ஒன்று விழும் நிழல்கள் ஏமாற்றிவிடும்.

இதயத்தின் அளவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதயம் பெரிதாகியிருக்கிறதா என்பதைக் கண் மதிப்பாகச் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். 1995இல் புக்கனன், பியூக்லர் இருவரும் ஒரு வழி சொன்னார்கள். பக்கவாட்டுப் படத்தில் மூச்சுக்குழாய் பிரியும் இடத்தின் கீழ்விளிம்பிலிருந்து இதய முனை வரை ஒரு கோடு. அதற்குச் செங்குத்தாக, இதயம் மிக அகன்ற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோடுகளையும் தனித்தனியே முதுகெலும்பின் மேல் வைத்து, நான்காம் மார்பெலும்பின் முன்விளிம்பிலிருந்து எத்தனை எலும்பு நீளம் என்று எண்ணிக் கூட்ட வேண்டும். நாய் பெரிதோ சிறிதோ, அதன் முதுகெலும்பே அதற்கு அளவுகோலாகிவிடுகிறது. 100 இயல்பான நாய்களை அளந்ததில் சராசரி 9.7 எலும்பு நீளம் என்றும், 10.5ஐத் தாண்டினால் ஐயப்பட வேண்டும் என்றும் அவர்கள் முடிவு செய்தார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் இந்த வரம்பு ஆட்டம் கண்டது. 2001இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் நோயற்ற லாப்ரடார்களின் சராசரியே 10.8, பாக்சர்களின் சராசரி 11.6. வேட்டை நாயான கிரேஹவுண்டின் சராசரி, வேறோர் ஆய்வில், 10.5 அளவில் இருந்தது. பொது வரம்பை அப்படியே வைத்துப் பார்த்தால் நலமான பாக்சர்களில் பெரும்பாலானவை இதய நோயாளிகளாகிவிடும். கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் ஆகியவை ஒடுங்கிய வயிறும் ஆழ்ந்த மார்பும் கொண்ட ஓட்ட நாய்கள். அவற்றின் இதயத்தை 9.7 என்ற கோலால் அளப்பது தவறான மருந்துச் சீட்டில் முடியக்கூடும். ஒவ்வொரு நாட்டு இனத்துக்கும் அதன் நலமான நாய்களிலிருந்தே அளவு எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இடுப்பு மூட்டுப் பிறழ்வும் அளவின் கதையே. 1930களில் அமெரிக்காவில் ஷ்னெல்லே இந்நோயை முதலில் விவரித்தார். 1966 முதல் அங்கு ஓர் அமைப்பு இரண்டு வயது நிறைந்த நாய்களின் இடுப்புப் படத்தைத் தரம் பிரித்து வருகிறது. 1980களில் பென்சில்வேனியாவின் கெயில் ஸ்மித், மூட்டு எவ்வளவு தளர்ந்து விலகுகிறது என்பதை எண்ணாக அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். நான்கு மாதக் குட்டியிலேயே அதைச் செய்ய முடியும். சென்னையில் லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் இத்தனை பெருகியிருக்கும் நிலையில், இனப்பெருக்கத்துக்கு விடும் முன் இடுப்புப் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டால் பல நாய்களின் முதுமை வலியின்றிக் கழியும்.

குட்டிகளின் எலும்புப் படத்தில் இங்கு அடிக்கடி தென்படும் இன்னொன்று சத்துக் குறைவு. வெறும் சோறும் எலும்பில்லாத இறைச்சியும் தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து போதாது. ரத்தத்தில் அதன் அளவைச் சமன்செய்ய உடல் எலும்பையே கரைக்கிறது. படத்தில் எலும்பின் ஓரம் காகிதம்போல் மெலிந்து, தொடை எலும்பு மடங்கி முறிந்திருக்கும். அந்த எலும்பு திருகாணியைத் தாங்காது. சரியான தீனியும் சில வார ஓய்வுமே முதல் சிகிச்சை.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் 1980களுக்குப் பின் பரவலாயிற்று. சினை பிடித்ததா என்பது ஏறத்தாழ 25ஆம் நாளிலேயே ஸ்கேனில் தெரியும். குட்டிகளின் எலும்புக்கூடு எக்ஸ்-ரேயில் தெரிய 45 நாளாவது ஆக வேண்டும். கருப்பையில் சீழ் கட்டுதல், சிறுநீர்ப்பைக் கல், மண்ணீரல் கட்டி ஆகியவற்றுக்கு இன்று ஸ்கேனே முதல் தேர்வு. விபத்து மருத்துவத்தில் அது செய்த மாற்றம் பெரிது. 2004இல் பாய்சன் குழுவினர், வாகனத்தில் அடிபட்ட 100 நாய்களின் வயிற்றை நான்கே இடங்களில் சில நிமிடங்கள் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 45 நாய்களின் வயிற்றில் ரத்தமோ வேறு திரவமோ கசிந்திருந்தது. நெடுஞ்சாலை ஓரத்து மருத்துவமனை ஒன்றுக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு குறைவு. கையடக்க ஸ்கேன் கருவியும் சிறிது பயிற்சியும் இருந்தால் செம்பரம்பாக்கத்திலேயே இதைச் செய்துவிடலாம்.

வெப்ப நாடுகளுக்கே உரிய நோய்களிலும் படம் வழிகாட்டுகிறது. ஸ்பைரோசெர்க்கா என்ற புழு சாண வண்டு வழியாக நாயின் உடலுக்குள் போகிறது. அந்த வண்டைத் தின்ற கோழி, பல்லி வழியாகவும் போகும். இரைப்பைத் தமனிகளில் புகுந்து, பெருந்தமனி வழியாக நகர்ந்து, உணவுக்குழாயின் பின்பகுதியில் கட்டியாகத் தங்கும். மார்புப் படத்தில் இதயத்துக்கும் உதரவிதானத்துக்கும் இடையே ஒரு நிழலும், மார்பு முதுகெலும்புகளின் அடிப்பக்கத்தில் முள்போன்ற எலும்பு வளர்ச்சியும் சேர்ந்து தெரிந்தால் இந்தப் புழுவை நினைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் அது புற்றாக மாறவும் கூடும்.

அறுவை சிகிச்சை: விபத்தும் எலும்பும்

லாரி மோதிய நாய் ஒன்று மேசைக்கு வரும்போது தொங்கும் காலே முதலில் கண்ணைப் பறிக்கும். ஆனால் அனுபவமுள்ள மருத்துவர் காலைத் தொடுவதற்கு முன் மார்பைப் பார்ப்பார். நுரையீரல் கன்றியிருக்கிறதா, மார்புக்குள் காற்று கசிகிறதா, உதரவிதானம் கிழிந்து குடல் மேலேறிவிட்டதா, சிறுநீர்ப்பை முழுமையாக இருக்கிறதா என்பதே முதல் மணிநேரக் கேள்விகள். எலும்பு முறிவு ஓரிரு நாள் காத்திருக்கும், மூச்சு காத்திருக்காது. மார்புப் படமும் நான்கிட ஸ்கேனும் முடிந்து, நாய் நிலைபெற்ற பிறகே எலும்பின் முறை.

இடுப்பெலும்பு வளையம்போல் மூடிய அமைப்பு. ஓரிடத்தில் முறிந்தால் பெரும்பாலும் இன்னோரிடத்திலும் முறிந்திருக்கும். எடை செல்லும் பாதையான இடுப்புக் குழிக்கோ திரிக மூட்டுக்கோ கேடில்லை என்றால் கூண்டு ஓய்வே பல நாய்களைக் காப்பாற்றிவிடும். அப்பாதை உடைந்திருந்தாலும், உள்வழி குறுகியிருந்தாலும் அறுவை சிகிச்சை வேண்டும். இல்லையேல் ஆயுள் முழுக்க மலச்சிக்கல், பெண் நாய்க்குப் பேறுகாலச் சிக்கல்.

தொடை எலும்பு முறிவில் எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் கம்பி செலுத்துவது மலிவான, பழகிய முறை. அந்தக் கம்பி எலும்பு வளைவதைத் தடுக்கும், சுழல்வதைத் தடுக்காது. அதனால் கூடவே பிளேட்டோ வெளிச் சட்டமோ தேவைப்படும். வளரும் குட்டிகளில் முறிவு பெரும்பாலும் வளர்ச்சித் தட்டு வழியே செல்லும். அங்கே குறுக்காக மெல்லிய கம்பிகள் வைத்து, வளர்ச்சி நிற்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பொமரேனியன் போன்ற சிறு நாய்கள் மடியிலிருந்து குதித்தே முன்கையை முறித்துக்கொள்ளும். அவற்றின் முன்கை எலும்பின் கீழ்முனைக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பது உடற்கூறு ஆய்வில் தெரிந்த உண்மை. மாவுக்கட்டை மட்டும் நம்பினால் எலும்பு கூடாமலே போகக்கூடும். பிளேட் வைப்பதே பாதுகாப்பு.

முழங்கால் தசைநார் அறுதல், எடை கூடிய வீட்டு நாய்களின் நோய். நாயின் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு பின்பக்கமாக இருபது பாகைக்கு மேல் சாய்ந்திருப்பதால், ஒவ்வோர் அடியிலும் தொடை எலும்பு பின்னால் வழுக்கப் பார்க்கும். அதைத் தடுக்கும் தசைநார் நாளடைவில் நைந்து அறும். வெளியே தடித்த நூல் கட்டி மூட்டை நிலைநிறுத்துவது பழைய முறை. 1993இல் அமெரிக்காவின் ஸ்லோக்கம், எலும்பை வளைவாக அறுத்துச் சுழற்றி அந்தச் சாய்வையே குறைத்தார். சாய்வு எவ்வளவு என்பதைப் படத்தில் அளந்து, எவ்வளவு சுழற்றுவது என்று கணக்கிட்டுச் செய்யும் இந்த முறையில் உடற்கூறு, படம், கத்தி மூன்றும் ஒரே தாளில் வந்து சேர்கின்றன.

ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களில் இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்வது மணிநேரங்களில் உயிரைப் பறிக்கும் நோய். வலப்பக்கம் கிடத்தி எடுத்த படத்தில் வாயு இரண்டு அறைகளாகப் பிரிந்து தெரிந்தால் முறுக்கு உறுதி. முறுக்கை எடுத்தபின் இரைப்பையை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு தைத்துவிட்டால் மீண்டும் சுழலாது.

முகம் குறுகிய இனங்கள்

பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற இனங்களில் மண்டையோடு குறுகியது, மென்திசு குறுகவில்லை. இறுகிய நாசித்துளை, நீண்ட மேலண்ணம், ஒடுங்கிய மூச்சுக்குழாய் ஆகியவை சேர்ந்து மூச்சைத் திணறடிக்கின்றன. நாய் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. சென்னையின் மே மாத வெயிலில் மூச்சிரைக்கவே முடியாத நாய்க்கு வெப்ப மயக்கம் அடுத்த கட்டம். நாசித்துளையை அகலப்படுத்தி, அண்ணத்தைக் கத்தரித்துச் சீராக்கும் அறுவை சிகிச்சை துயரைக் குறைக்கும். பிறவி அமைப்பை அது மாற்றாது. தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இங்குள்ள தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத பக், பிரெஞ்சு புல்டாக், சைபீரியன் ஹஸ்கி உள்ளிட்ட இனங்களை இனப்பெருக்கம் செய்வதற்குத் தடை விதித்தது. அறுவை மேசையில் தீர்க்க முடியாததைப் பிறப்பிலேயே தடுக்க முனைந்த நல்ல முடிவு அது.

கருத்தடை: எண்ணிக்கையில் முதலிடம்

தமிழ்நாட்டில் நாய்களுக்குச் செய்யப்படும் பெரிய அறுவை சிகிச்சைகளில் எண்ணிக்கையில் முன்னிற்பது கருத்தடையே. தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை என்ற கருத்தை 1964 முதல் வலியுறுத்திவந்தது சென்னையின் புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு. 1996இல் மாநகராட்சி அதை ஏற்றது. 2001இல் நடுவண் அரசு நாய்களின் கருத்தடைக்கு விதிகள் வகுத்தது. 2023இல் அவற்றுக்கு மாற்றாகப் புதிய விதிகள் வந்தன. பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, காதில் அடையாள வெட்டு இட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதே அவ்விதிகளின் நடைமுறை.

பெண் நாயின் கருத்தடை எளிய வேலை என்று நினைப்பவர்கள் அதை அருகில் நின்று பார்த்ததில்லை. தொப்புளுக்குச் சற்றுப் பின்னால் நடுக்கோட்டில் சிறு வெட்டு. வளைந்த கொக்கியால் கருப்பையின் ஒரு கொம்பை மேலே கொண்டுவந்து, அதைப் பிடித்துக்கொண்டே சினைப்பை வரை செல்ல வேண்டும். நாயின் சினைப்பை சிறுநீரகத்தை ஒட்டி, கடைசி விலாவோடு இறுக்கமான ஒரு தசைநாரால் கட்டப்பட்டு, கொழுப்புப் பைக்குள் மறைந்திருக்கிறது. வலப்பக்கச் சிறுநீரகம் முன்னால் இருப்பதால் வலச் சினைப்பை இன்னும் ஆழம். தசைநாரை விரலால் மெல்ல இழுத்துத் தளர்த்தும் அந்த நொடியில் அவசரப்பட்டால் ரத்தக்குழாய் கிழியும். குழாய்களை இறுக்கிக் கட்டி வெட்டியபின், மறுபக்கமும் அவ்வாறே. கடைசியாகக் கருப்பைக் கழுத்தின் அருகே கட்டும்போது பக்கத்தில் செல்லும் சிறுநீர்க் குழாய் நூலில் சிக்காமல் பார்க்க வேண்டும். சினைப்பையின் துணுக்கு எஞ்சினால் நாய் மீண்டும் பருவத்துக்கு வரும்.

விலாப்பக்க வெட்டும் வழக்கில் உண்டு. நாயை விடுவித்தபின் தையலைத் தூரத்திலிருந்தே கவனிக்க முடியும், தசை நாரிழை வழியே பிரிப்பதால் குடல் பிதுங்கும் அபாயமும் குறைவு. எதிர்ப்பக்கச் சினைப்பையை எட்டுவது அதில் சிரமம். சினை முற்றிய நாய்க்கும் கருப்பைச் சீழுள்ள நாய்க்கும் நடுக்கோடே ஏற்றது. வெட்டு சிறிதாகவும் வேலை விரைவாகவும் இருந்தால் நாய் விரைவில் தெருவுக்குத் திரும்பும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். உதகமண்டலத்தில் உள்ள வேர்ல்ட்வைட் வெட்டரினரி சர்வீஸ் பயிற்சி மையம் இந்தியா முழுவதிலிருந்தும் மருத்துவர்களை அழைத்து இதைக் கற்பிக்கிறது.

தெருநாய்களில் கருத்தடையின்போது அடிக்கடி தென்படும் இன்னொரு நோய் பால்வினைப் புற்றுக்கட்டி. புணர்ச்சியின்போது ஒரு நாயின் புற்றணுவே இன்னொரு நாயில் ஒட்டி வளரும் விந்தை அது. 1876இல் ரஷ்யாவின் நோவின்ஸ்கி அதை ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் காட்டினார். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே நாயின் அணுக்களே இன்றும் உலகெங்கும் பரவிவருகின்றன என்பதை மரபணு ஆய்வு உறுதிசெய்துள்ளது. இங்கே கத்தி முதல் தேர்வன்று. வெட்டினால் மீண்டும் வளரலாம். வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின் ஊசி, சில வாரங்களுக்கு, பெரும்பாலான நாய்களைக் குணமாக்கிவிடும்.

மயக்கமும் ரத்தமும்

எந்த அறுவை சிகிச்சையும் மயக்க மருந்தின் பாதுகாப்பை நம்பியே நடக்கிறது. கிரேஹவுண்டுகளுக்குக் கொழுப்பு குறைவு, சில மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியும் குறைவு. அதனால் தயோபென்டோன் போன்ற மருந்து கொடுத்தால் அவை மணிக்கணக்கில் விழிக்காமல் கிடக்கும். அதே உடல்வாகு கொண்ட கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் மருந்தின் அளவை எச்சரிக்கையுடன் வைப்பதே முறை. அவற்றின் நொதி எவ்வாறு செயல்படுகிறது என்பது ஆய்வுக்குரிய நல்ல பொருள்.

மேற்குப் புறநகர் நாய்க்கு அறுவைக்கு முன் செய்ய வேண்டிய மலிவான பரிசோதனை, காது நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்ப்பது. பேட்டன் 1910இல் கண்ட அதே பபேசியா இன்றும் இங்குள்ள உண்ணிகளில் இருக்கிறது. எர்லிக்கியாவும் இருக்கிறது. இரண்டும் ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும், மண்ணீரலை வீங்க வைக்கும். வெளியே நலமாகத் தெரியும் நாய் கருத்தடை மேசையில் நிற்காமல் ரத்தம் கசிவதன் பின்னால் பெரும்பாலும் இத்தகைய மறைந்த நோய் இருக்கும். உண்ணியை ஒழிப்பதும் ஒரு வகையில் அறுவைப் பாதுகாப்பே.

நாட்டு இனங்களும் ஆய்வின் கடமையும்

2005இல் அஞ்சல்துறை ராஜபாளையத்துக்குத் தபால்தலை வெளியிட்டது. 2020இல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றையும் பதிவுபெற்ற நாய் இனங்களாக ஏற்றது. பதிவு முதல் படி. உடலின் இயல்பளவை எழுதுவது அடுத்த படி.

ராஜபாளையம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதன் பெருமைக்குரிய தூய வெள்ளை நிறமே அதன் குறைக்கும் காரணம். நிறமி அணுக்கள் உட்காதில் இல்லாவிட்டால், கேட்கும் அணுக்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காத நாயை வீட்டார் கண்டுபிடிப்பது கடினம். ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின் துலங்கலைப் பதிவுசெய்யும் பரிசோதனை ஐந்து வாரக் குட்டியிலேயே அதைக் காட்டிவிடும். செவிடான நாயை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கினால் சில தலைமுறைகளில் குறை குறையும்.

இதயத்தின் முதுகெலும்பு அளவு, ரத்த அணுக்களின் இயல்பு எண்ணிக்கை, வளர்ச்சித் தட்டுகள் மூடும் வயது, இடுப்பு மூட்டின் தளர்வு, மயக்க மருந்தின் அளவு ஆகிய ஐந்தும் ஒவ்வொரு நாட்டு இனத்துக்கும் தனித்தனியே வகுக்கப்பட வேண்டியவை. இதற்குப் பெரிய எந்திரங்கள் வேண்டியதில்லை. இயல்பான நாய்களின் படங்களையும் ரத்த அறிக்கைகளையும் ஒரே முறையில் சேமித்து வைக்கும் பொறுமையே முதல் தேவை. கருத்தடைக்கு வரும் ஆயிரக்கணக்கான நாட்டு நாய்கள் அதற்குக் கிடைத்த அரிய வாய்ப்பு. ஒவ்வொன்றின் எடை, வயது, ரத்தத் தகடு, காயம் ஆறிய விதம் ஆகியவற்றைக் குறித்து வைத்தாலே சில ஆண்டுகளில் தமிழ்நாட்டு நாயின் அளவு நூல் உருவாகிவிடும்.

புறநகரில் இதற்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும். சாலையோர மருத்துவமனையில் எக்ஸ்-ரேயும் ஸ்கேனும். மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கும் ஊர்களுக்கும் பயிற்சி பெற்ற குழுவுடன் கருத்தடை அறுவை அரங்கு. சிக்கலான நாயை வேப்பேரிக்கு அனுப்பும்போது படமும் குறிப்பும் கூடவே செல்லும் ஒழுங்கு. இவை அமைந்தால், கல்லூரி ஆய்வகத்தில் விளைந்த அறிவு செம்பரம்பாக்கத்து மேசைக்கு வந்து சேரும். அந்த மேசையில் கிடைக்கும் அளவுகளும் ஆய்வகத்துக்குத் திரும்பிச் சென்று அடுத்த பாடநூலைத் திருத்தும்.